மூன்றாவது நகம்

மூன்று. இல்லை, மூன்று மாதிரி தெரிந்தது, அவ்வளவுதான். நீலத் துண்டின் மடிப்புக்கு வெளியே கொக்கி போல வளைந்த நகங்கள் நீட்டிக்கொண்டிருந்தன, நான் குனிந்து எண்ணுவதற்குள் துண்டு அசைந்து அவற்றை மூடிவிட்டது. துண்டு ஏன் அசைய வேண்டும்? மின்விசிறிக் காற்றா, அதன் மூச்சா, அல்லது நான் எண்ணுவது தெரிந்து இழுத்துக்கொண்டதா? அப்படியெல்லாம் வேகமாக இழுத்துக்கொள்கிற பிராணி இல்லை இது. ஸ்லாத். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போக அரை நாள் எடுத்துக்கொள்ளும் என்று நாங்கள் படித்த ஸ்லாத், எங்கோ ஒரு தென்னமெரிக்க விமான நிலையத்தில் ஏறி, இரண்டு விமானம் மாறி, இந்தச் சரக்குக் கிடங்கின் விலங்குச் சோதனை அறையில், என் முன்னால் கம்பி போட்ட ஒரு மரப்பெட்டிக்குள் கம்பளிப் பந்தாகச் சுருண்டு கிடக்கிறது. முகம் தெரியவில்லை. முகம் தெரிந்தால் சந்தேகமே இல்லை. கை தெரிந்தாலும் போதும். நகம் மூன்றாகவே இருக்கட்டும், அது கையா காலா? கால் என்றால் ஒன்றுமில்லை, இந்தக் கூட்டத்தில் எல்லா வகைக்கும் காலில் மூன்றுதான். கையில்தான் விஷயம். கையில் இரண்டு என்றால் அது காட்சிசாலைகளில் குட்டி போட்டு வளர்கிற வகை. பெட்டியோடு வந்த காகிதம் சொல்வது அதைத்தான், பண்ணையில் பிறந்த குட்டி, வயது எட்டு மாதம், எடை இரண்டு கிலோ எண்ணூறு. எங்கள் கால்நடை டாக்டர் கையெழுத்துப் போடுவார், மதியத்துக்குள் பெட்டி யாரோ ஒரு பணக்காரருடைய பண்ணை வீட்டுக்குப் போய்விடும். கையில் மூன்று என்றால் காகிதம் பொய். மூன்று விரல் வகை பண்ணையில் பிறந்து பெருகியதாக நான் எங்கும் படித்ததில்லை. மரத்திலிருந்து பிடுங்கித்தான் கொண்டுவர வேண்டும். மரத்திலிருந்து, சும்மா பழம் பறிப்பது போல. ஓடித் தப்பவும் அதனால் முடியாதே.

இந்த அறையில் நான் தனியாக இருப்பதே ஒரு வார்த்தையால்தான். படிவத்தில் விலங்கின் பெயரைத் தமிழிலும் எழுத வேண்டும், கிளார்க் குபேந்திரன் சார் அழகான கையெழுத்தில் தேவாங்கு என்று எழுதிவிட்டார். பெட்டியை எடுத்துப் போக வந்த ஏஜெண்ட் ராஜ்மோகன் அதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "சார், என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? தேவாங்கு நம்ம காட்டு அயிட்டம் சார். ஃபாரஸ்ட்காரன் இந்தப் பேப்பரப் பாத்தான்னா என்னைத் தூக்கி உள்ள வெச்சிட்டுத்தான் சாப்பிடவே போவான்." குபேந்திரன் சார் அசரவில்லை. "டிக்‌ஷனரில ஸ்லாத்துன்னா தேவாங்குன்னுதான்யா போட்டிருக்கான்." "டிக்‌ஷனரிக்காரனா சார் ஜெயிலுக்குப் போவான்?" டாக்டர் சம்பந்தம் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா தையல், நீதானே ஜுவாலஜி. தமிழ்ல இதுக்கு என்ன?" நான் ஏதோ சொன்னேன். "சத்தமா சொல்லும்மா, எறும்புக்கா சொல்ற?" "தமிழ்ல பேரு இல்ல சார்." "பேரே இல்லாததுக்காய்யா இந்த அலம்பல்," என்றார் குபேந்திரன் சார். படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது, வரிசை எண் போட்ட படிவம், புதிதாக வேண்டுமென்றால் பெரிய கட்டடத்துக்குப் போய் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். மூன்று பேருமாகக் கிளம்பினார்கள். ஒரு படிவத்துக்கு எதற்கு மூன்று பேர்? டாக்டர் கதவருகே நின்று, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பழைய படிவத்தப் பாத்து நீ மத்ததெல்லாம் ஒரு தாள்ல எடுத்து வை. விரல் ரெண்டு. அவங்க பேப்பர்ல அப்படித்தான் இருக்கு. நேர்ல பாத்துச் சரிபார்த்தவர்னு கீழ ஒரு கையெழுத்து, அது நீ போட்டுடு. பெட்டியத் தொடாத, கையக் கிய்யக் கடிச்சு வெச்சா நான் பதில் சொல்லணும்." சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் விரல் ரெண்டு என்பதை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? எடையைச் சொல்லவில்லை, வயதைச் சொல்லவில்லை, ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. ஒருவேளை படிவத்தில் அந்தக் கட்டம்தான் முதலில் கண்ணில் பட்டதோ என்னவோ. எனக்குத்தான் எல்லாவற்றிலும் ஒன்று தெரிகிறது. மாலினி சொல்வாள், ஹாஸ்டலில் என் அறைத்தோழி, "உனக்கு யாராவது குட் மார்னிங் சொன்னாலும் ஏன் சொன்னாங்கன்னு ராத்திரி வரைக்கும் யோசிப்படீ." யோசிப்பேன்தான். சொன்னதற்கு ஒரு காரணம் இருக்குமே.

வாசனை. பெட்டிக்குள்ளிருந்து வருகிற வாசனையைத்தான் காலையிலிருந்து என்ன என்று பிடிக்க முடியாமல் இருந்தேன், இப்போது தெரிகிறது, குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பு. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கினால் வருமே, அந்த வாசனை. காட்டுப் பிராணியின் வாசனை துளிகூட இல்லை. இதைக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். யார்? எதற்கு? நாய்க்குட்டியைக் குளிப்பாட்டுவார்கள், விற்கிற நாய்க்குட்டியைக் கட்டாயம் குளிப்பாட்டுவார்கள், அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது. ஆனால் காட்டில் இருக்கிற ஸ்லாத்தின் மயிரில் பாசி வளரும். மழையிலும் ஈரத்திலும் கிடந்து கிடந்து, கோயில் குளத்துப் படிபோல உடம்பே பச்சையாக இருக்கும், இலைக்கு நடுவில் தொங்கினால் தலைக்கு மேலே போகிற கழுகுக்குக்கூடத் தெரியாது. பண்ணைக்குள் பிறந்ததற்கு அந்தப் பச்சை வராது. அப்படியென்றால் குளிப்பாட்டியது அழுக்குப் போக இல்லை, பச்சை போக. முதுகில் இந்த இடத்தில், துண்டு விலகியிருக்கிற இடத்தில், லேசாகப் பச்சை தெரிகிறதா? தெரிகிறது. தலையைச் சாய்த்தால் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் பச்சைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள், வெயில் அதன் வழியாகத்தான் வருகிறது, என் கைகூடப் பச்சையாகத்தான் இருக்கிறது, மேஜைமேல் இருக்கிற படிவம்கூட. பச்சையில்லாத வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமென்றால் பெட்டியை வராந்தாவுக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டியைத் தொடக்கூடாது. தட்டில் வைத்த வாழைப்பழத் துண்டுகள் கறுத்துப் போய்விட்டன, கேரட் சுருங்கிவிட்டது. இரண்டு விரல்காரன் பழம் தின்பான். மூன்று விரல்காரனுக்கு இலைதான், அதிலும் தனக்குப் பழகிய இலை. தின்னவில்லை, ஆகவே மூன்று விரல். அப்படிச் சொல்லிவிட முடியுமா? முதல்நாள் ஹாஸ்டலுக்கு வந்தபோது நானும் இரண்டு வேளை தின்னவில்லை. பயந்தால் யாரும் தின்பதில்லை.

தேவாங்கு. அந்த வார்த்தையை அவர்கள் அங்கே வராந்தாவில் இன்னும் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. எம்.எஸ்ஸி. முதல் வருடம், கருத்தரங்கு எல்லோரும் கொடுத்தே ஆக வேண்டும், தமிழில் கொடுத்தால் இரண்டு மதிப்பெண் கூட என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். நான் எடுத்தது பனாமாவுக்கு அப்பால் கடலில் கிடக்கிற ஒரு சின்னத் தீவில் மட்டும் இருக்கிற ஸ்லாத் வகை. குள்ள வகை. வேறு எங்கேயும் கிடையாது. பெருநிலத்தில் இருந்த ஸ்லாத்துகள்தான், கடல் ஏறி நடுவில் புகுந்து தீவு பிரிந்தபோது அங்கேயே மாட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான வருடத்தில் சிறுத்துப் போய்விட்டன. ஒரு சுற்று நடந்து வந்துவிடக்கூடிய தீவு, ஓரமெல்லாம் சேற்றில் வேர் ஊன்றிய அலையாத்தி மரங்கள், நடுவில் கொஞ்சம் காடு. எத்தனை மிச்சம் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது; நூறுக்குள் என்கிறார் ஒருவர், ஆயிரத்தைத் தாண்டும் என்கிறார் இன்னொருவர். எண்ணப் போகிறவர்கள் கண்ணுக்கும் அது தெரிவதில்லையே. மீன் பிடிக்க வந்து தங்குகிறவர்கள் அடுப்புக்கு அந்த மரங்களை வெட்டுகிறார்கள், சுற்றுலாப் படகுகள் வந்து நிற்கின்றன, பார்க்க வருகிறவர்கள் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதையெல்லாம் எழுதி வைத்திருந்தேன். தலைப்பில் ஸ்லாத் என்று போட்டதற்கு, தமிழ்ச் சொல் வேண்டும் என்று தேவாங்கு என்று அடித்துத் திருத்திக் கொடுத்தார் துறைத்தலைவர். சார் அது வேற பிராணி சார் என்று சொல்ல வாய் வரவில்லை. தேவாங்கு நம் காட்டில் இருப்பது, குரங்குக்குச் சொந்தம், பெரிய கண். இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, மெதுவாக நடப்பதைத் தவிர. மேடையில் நின்றேன். "தேவாங்கு" என்றேன். அதற்குமேல் வரவில்லை. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தேவாங்கு" என்றேன் மறுபடியும். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் சொன்னான், "தெரியுது, அப்புறம்?" அவ்வளவுதான், இரண்டு வருடம் அதுதான் என் பெயர். கேண்டீனில், பேருந்து நிறுத்தத்தில், வழியனுப்பு விழாவில்கூட. "தேவாங்கு வருதுடா, வழி விடு, சாயங்காலம் ஆயிடும்." நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். தப்பான பெயருக்குத் திரும்பிப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

இது அந்தத் தீவினுடையதாக இருந்தால்? எட்டு மாதக் குட்டி என்று எழுதியிருப்பது சின்னதாக இருப்பதற்குச் சொல்லப்பட்ட காரணமாக இருந்தால்? குட்டியில்லை, வளர்ந்து முடிந்ததே இவ்வளவுதான் என்றால்? வேண்டாம், இது என் ஆசை. என்னை எனக்குத் தெரியும். படித்ததில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அதுவே பெட்டியில் வந்து இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ள எவ்வளவு இனிக்கிறது பார். மூன்று விரலிலும் பெருநிலத்து வகைகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றின் குட்டியாக இருக்கலாம். தீவா இல்லையா என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, மண்டை ஓட்டை அளந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கேட்கப்பட்டிருப்பது அது இல்லை. இரண்டா, மூன்றா. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கிற கணக்கு. ஆனால் மூன்று என்று எழுதினால் என்ன ஆகும்? பெட்டி இங்கேயே நிற்கும். கடிதம் போகும், பதில் வரும், திருப்பி அனுப்ப எந்த விமானக் கம்பெனி ஒத்துக்கொள்ளும் என்று விசாரிப்பார்கள், வாரக்கணக்கில் ஆகும். அதுவரை இதற்கு எந்த இலை? எங்கள் ஊர் கிள்ளைப் பக்கம் உப்பங்கழியில் நிற்கிற சுரபுன்னையும் அந்தத் தீவின் மரமும் ஒரே குடும்பம், அப்பா படகோட்டும் கால்வாய் முழுக்க அதுதான், வேர்கள் கையை ஊன்றிக்கொண்டு எழுந்திருக்கிற மாதிரி நிற்கும். யாரிடமாவது சொல்லிவிட்டால் காலைப் பேருந்தில் ஒரு கட்டு வந்துவிடும். ஒரே குடும்பம் என்றால் ஒரே இலையா? இதன் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிருக்கு அந்தத் தீவின் இலைதானே தெரியும். தின்னாமல் இந்த அறையிலேயே செத்துப் போனால், பண்ணை வீட்டுக்காரர் வீட்டில் குளிர்சாதன அறையில் இன்னும் நான்கு மாதம் இருந்திருக்கும், இவள்தான் கொன்றாள் என்பார்கள். இரண்டு என்று எழுதினால்? பண்ணை வீடு. பிறந்தநாள் விழா. தோளில் போட்டுக்கொண்டு படம். நன்றாக இருக்கிறதே, எங்களுக்கும் ஒன்று என்று அவர் நண்பர்கள் கேட்பார்கள், ராஜ்மோகன் இன்னொன்று கொண்டுவருவான். அங்கே தீவில் ஒன்று குறையும், இன்னொன்று குறையும். சில நூறில் எத்தனை குறையலாம்? அதற்கும் ஒரு படிவம் இருக்கும், யாரோ நேரில் பார்த்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

ராஜ்மோகன் போன் மேஜைமேல் இருக்கிறது. இப்போதுதான் பார்க்கிறேன். கவிழ்த்து வைத்திருக்கிறான். போனை விட்டுவிட்டுப் போகிறவனா அவன்? காலையில் வந்ததிலிருந்து காதிலிருந்து இறக்கவே இல்லை. "மேடம் எந்த ஊரு?" என்று கேட்டான். கிள்ளை என்றேன். "அட, நம்ம சிதம்பரம் பக்கம்! நம்ம ஊருப் பொண்ணுன்னு பாத்தவுடனே நெனச்சேன்." அதற்குமுன் குபேந்திரன் சாரிடம் நம்ம திருவாரூர் என்றானே. டாக்டரிடம் நம்ம மதுரை. எல்லா ஊரும் அவன் ஊர். போன் எதையாவது பதிவு செய்துகொண்டிருக்கிறதா? நான் பெட்டியைத் தொடுகிறேனா என்று? தொட்டால், சோதனை உதவியாளர் விதியை மீறி விலங்கைத் துன்புறுத்தினார் என்று ஒரு வரி போதும், மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பதும் நீட்டிக்காததும் டாக்டர் கையில். அதற்காகத்தான் மூன்று பேரும் போனார்களா? நான் தொட மாட்டேன் என்று தெரிந்து போனார்களா? அதுதான், அதுவேதான். இந்தப் பெண் வாயைத் திறக்காது, ரெண்டுன்னு சொன்னா ரெண்டுன்னு எழுதும். பாவம் டாக்டர், அவர் அப்படி நினைத்திருக்க மாட்டார், போன வாரம் எனக்குக் காய்ச்சல் என்றதும் மாத்திரை கொடுத்து ஆட்டோ பிடித்து அனுப்பினார். நல்லவர்தான். நல்லவர்தான் என்பதைத்தான் ராஜ்மோகனும் தெரிந்து வைத்திருக்கிறானோ. போனைத் திருப்பிப் பார்க்கலாம். அடுத்தவர் போன். திருப்பினேன். திரை கறுப்பாக இருக்கிறது, சார்ஜ் இல்லை. சார்ஜ் தீர்ந்த போனைப் பார்த்து இவ்வளவு நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். சிரிப்பு வருகிறது, அழுகையும் கூடவே வருகிறது. பன்னிரண்டே கால். வராந்தாவின் அந்தக் கோடியில் பேச்சுச் சத்தம், டாக்டரின் செருப்புச் சத்தம்.

துண்டின் நுனியை மட்டும் தூக்கிப் பார்த்தால் பெட்டியைத் தொட்டதாகாது. பெட்டி வேறு துண்டு வேறு. இப்படியெல்லாம் வாதாடுகிறவள் இல்லை நான், ஆனால் கை ஏற்கெனவே கம்பியிடுக்கில் போய்விட்டது. துண்டு ஈரமாக இருக்கிறது, இன்னும் காயாத மயிர். குளிப்பாட்டி ஒரு நாள்கூட ஆகவில்லையா? பந்து அசைகிறது. அசைகிறது என்று சொல்ல முடியாது, நான் பார்க்காதபோது அது வேறு இடத்தில் இருக்கிறது. முகம் மேலே வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, தலைமயிர் நெற்றியில் கவிந்து முக்காடு போட்ட மாதிரி, கண்ணின் ஓரத்திலிருந்து மை தீட்டி இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. இரண்டு விரல்காரனுக்கு அந்தக் கோடு கிடையாது. கிடையாதுதானே? புத்தகத்தில் படம் இடது பக்கமா வலது பக்கமா, எந்தப் பக்கம், அதன் கீழே என்ன எழுதியிருந்தது, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்த முகத்துக்குப் பக்கத்திலிருந்து, தோளிலிருந்து, ஆமாம் தோளிலிருந்துதான், ஒரு கை நீள்கிறது. என் கையை இழுத்துக்கொள்ள எனக்கு ஏராளமான நேரம் இருக்கிறது. பேச்சுச் சத்தம் பாதி வராந்தா வந்துவிட்டது, ராஜ்மோகன் எதற்கோ சிரிக்கிறான். மணிக்கட்டில் ஒரு நகம் வந்து படிகிறது. குளிர்ச்சியாக, கிளையைத் தேடுகிற மாதிரி. ஒன்று. நரம்புக்குமேல் இன்னொன்று. இரண்டு. பிறகு ஒன்றுமில்லை. இரண்டுதானா? இரண்டேதானா, என் சந்தேகம் அத்தனையும், ஷாம்பு, பச்சை, டாக்டரின் குரல், எல்லாம் நான் கட்டியதா? நிம்மதி மாதிரி ஒன்று எழும்புகிறது, எழும்பும்போதே அதன்மேல் வெறுப்பாகவும் இருக்கிறது. நான் கையை எடுக்கப் போகிறேன். அப்போது, மற்ற இரண்டும் படிந்து இறுகிய பிறகு, அவசரமே இல்லாமல், கட்டைவிரலின் அடியில் அது வந்து உட்காருகிறது. மூன்று. இறுகுகிறது. என் நாடி அந்த மூன்று இடத்திலும் தட்டுகிறது, ஒன்று, இரண்டு, மூன்று, கண்ணை மூடிக்கொண்டும் எண்ணலாம்.

கதவு திறந்தது. "ஐயய்யோ, கைய விட்டுட்டாங்க சார்," என்றான் ராஜ்மோகன். டாக்டர் புதிய படிவத்தை மேஜையில் வைத்தார். குபேந்திரன் சார் அதில் பெயர்க் கட்டத்தில் ஸ்லாத் என்றே தமிழில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"தொடாதேன்னு சொன்னேன்ல? சரி சரி, பயப்படாத, மெதுவா உருவு. கையெழுத்தப் போட்டுட்டு சாப்பிடப் போகலாம்."

"உருவ முடியல சார்."

"வலது கை மாட்டிக்கிச்சா? இடது கையால போடச் சொல்லுங்க சார்," என்றான் ராஜ்மோகன். "நம்ம ஊருப் பொண்ணு, போட்டுடுவாங்க."

"சார், இங்க வந்து எண்ணுங்க."

"என்னம்மா?"

"எண்ணிப் பாருங்க சார். இது கை. மூணு இருக்கு." என் குரல் அறைக்குப் பெரிதாக இருந்தது. குபேந்திரன் சார் பேனாவை மூடாமல் நின்றார்.

டாக்டர் என் கையைப் பார்க்கவில்லை. முதலில் ராஜ்மோகனைப் பார்த்தார். ஒரு நொடிகூட இருக்காது. அதன் பிறகுதான் கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பையில் கைவிட்டார், பெட்டியிடம் வந்தார், குனிந்தார். அந்த ஒரு நொடி எனக்குப் போதும், இனி அவர் என்ன எண்ணிச் சொன்னாலும் கேட்க வேண்டியதில்லை. "கொஞ்சம் இரும்மா, அவசரப்படாத, பேசிக்கலாம்," என்கிறார், கண்ணாடி இன்னும் காதில் சரியாக உட்காரவில்லை. ராஜ்மோகன் சிரிப்பை நிறுத்திவிட்டு, போனை எடுத்து அழுத்தி அழுத்திப் பார்க்கிறான். குபேந்திரன் சார் யாரையும் பார்க்காமல் பேனாவை என் பக்கம் நீட்டுகிறார். படிவத்தை முழங்கையால் இழுத்து இந்தப் பக்கம் வைத்துக்கொள்கிறேன். மூன்று என்று எழுத இடது கை போதும்.